தூக்கு போட்டது நான்தான்

முப்பத்தெட்டாயிரத்து நானூற்றைம்பது. காண்டிராக்டர் கொத்தனாருக்கு வைத்த கூலி பாக்கி அவ்வளவுதான். அதற்காகத்தான் கொத்தனார் காண்டிராக்டரைச் சாரத்தில் தூக்குப் போட்டுக் கொன்றான் என்று வெள்ளிக்கிழமை காலை பதினொன்றேகாலுக்கு நீதிமன்றம் சொன்னது. கூலி பாக்கிக்குக் கொலை செய்வது என்று ஆரம்பித்தால் நாட்டில் ஒரு காண்டிராக்டர் மிஞ்சமாட்டார். இந்தச் சின்ன விஷயம் தீர்ப்பின் நூற்று நாற்பது பக்கத்தில் எங்கேயும் இல்லை.

"குற்றவாளி" என்ற சொல் படியிறங்கித் தெருவுக்கு வருவதற்குள் கைதட்டல் கிளம்பிவிட்டது. முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். செல்போன் கடைக்காரர் வாசலில் அட்டை மாட்டினார்: "நீதி வென்றது! கவர் வாங்கினால் கண்ணாடி இலவசம்." பேனர் அடிக்கிறவர் மட்டும் வாட்டமாக நின்றார். எதற்கும் இருக்கட்டும் என்று "விடுதலை" என்றும் ஒன்று அடித்து வைத்திருந்தாராம். இப்போது துணி வீண்.

தண்டனை என்ன என்பதை நீதிபதி திங்கட்கிழமை சொல்வதாக இருந்தார். ஜனங்களுக்கு அதுவரை பொறுமை இல்லை. "தூக்கு! தூக்கு!" என்று அவர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

எதிர்ப்புற டீக்கடையில் அண்ணி நின்றிருந்தாள். ஊரில் பாதிப்பேர் அவளை அண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள். இன்ஷூரன்ஸ் ஆபீசில் பதினெட்டு வருஷம், செத்தவர் நிஜமாகவே செத்தாரா என்று வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற வேலை பார்த்தவள். அதில் நாலு பேரை உயிரோடு பிடித்த பெருமை உண்டு. வேலையை விட்டபின் சொந்தமாகத் துப்பறிகிறாள். அவள் யாருக்கு உண்மையிலேயே அண்ணியோ, அந்தக் கொழுந்தன் பக்கத்தில் நின்று ரஸ்க்கை டீயில் முக்கிக்கொண்டிருந்தான். ஆறு வேலையில் இருந்து வெளியே தள்ளப்பட்டவன். ஆறிலும் காரணம் ஒன்றுதான், வாய்.

"அண்ணி, நாட்டுல நீதி செத்துப்போச்சுன்னு போன வாரம் இதே ஆளுங்கதான கத்துனாங்க?"

"பொழைச்சிருச்சு போல."

"ஆமா. பதினொன்னேகாலுக்கு மூச்சு வந்துச்சாம்."

கடை டிவியில் செய்திக்காரி தொண்டை நரம்பு புடைக்கப் பேசினாள். பதினோரு மாதமாக நீதிமன்றம் பூட்டி வைத்திருந்த ஒலிப்பதிவு இன்றுதான் வெளியே வருகிறதாம். காண்டிராக்டர் செத்த அன்று சாயங்காலம் நாலு பத்துக்குக் கொத்தனார் தன் மேஸ்திரிக்கு போனில் பேசி அனுப்பியது. அதை மேஸ்திரிதான் மனசாட்சி உறுத்தி போலீசில் கொடுத்தாராம். பின்னணியில் பேய்ப்பட மேளம் ஒலிக்க, ரத்தச் சிவப்பில் எழுத்து ஓட, கொத்தனாரின் கரகரத்த குரல் வந்தது.

"அண்ணே, கெழக்கால தூக்கு போட்டாச்சு. மொதல்ல கொஞ்சம் ஆடுச்சு. இப்ப ஆடாம நிக்குது. நீங்க வந்து ஒரு பார்வை பாத்துட்டா முடிச்சிரலாம்."

கடையே உறைந்துபோனது. "அடப்பாவி, வந்து பாக்கச் சொல்றான் பாரு" என்றார் ஒருவர்.

அந்த அமைதியில் ஒரு பெண் சிரித்தாள். கெக்கெக்கே என்று, அடக்கமுடியாமல், வாயைப் பொத்திக்கொண்டு. சிமெண்ட் தின்ற விரல்கள். கடை ஓரத்தில் வெறும் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தவள்.

"டேய், இது அந்தக் கொத்தன் பொண்டாட்டிடா! செத்தவனப் பத்திக் கேட்டுட்டு சிரிக்கிறா!"

சட்டையில் நீதிக்கான பேட்ஜ் குத்தியிருந்த ஒருவன் எழுந்து போய் அறைந்தான். பதினோரு மாதம் நீதிக்காகப் போராடிய கை. நன்றாகவே பதிந்தது. அடுத்தவன் கையை ஓங்கும்போது அண்ணி நடுவில் இருந்தாள்.

"என்ன தம்பி, உள்ள ஜட்ஜு ஒருத்தரு, வெளிய நீ ஒருத்தனா? சம்பளம் யாரு தர்றா?" என்றவள், திரும்பாமலே சொன்னாள். "கொழுந்தனாரே, ஸ்கூட்டர்."

"மூணு பேரா? போலீஸ் புடிக்குமே."

"போலீஸ் எல்லாம் இன்னிக்குப் பேட்டி குடுத்துட்டு இருக்கு. நீ எடு."

அண்ணியின் ஆபீஸ் இஸ்திரிக் கடைக்கு மேலே இருந்தது. கீழே இஸ்திரிப் பெட்டி சூடானால் மேலே நாற்காலியும் சூடாகும். கொத்தனார் மனைவி கன்னத்தில் ஈரத்துணியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எதுக்கும்மா சிரிச்சே?" என்றாள் அண்ணி.

"தப்புதான்க்கா. இத்தன நாளா அந்தப் பேச்சுல என்ன இருக்குன்னே எனக்குத் தெரியாது. கோர்ட்டுக்குள்ள பாஸ் இருந்தாத்தான் விடுவாங்களாம். யாருன்னு கேட்டாங்க. பொண்டாட்டின்னேன். அப்ப வெளிய நில்லுன்னுட்டாங்க. அவரு என்னமோ ஒத்துக்கிட்டாருன்னு ஊரே சொல்லுச்சா, நானும் பயந்துகிட்டே இருந்தேன். இன்னிக்குத்தான் காதால கேட்டேன். கேட்டதும் சிரிப்பு வந்துருச்சு. அது தூக்கு இல்லக்கா. தூக்கு."

கொழுந்தன் தலையை ஆட்டினான். "வெளங்கிருச்சு. பெய்யிறது மழை இல்ல, மழை."

அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு எழுந்து, ஜன்னல் துணியிலிருந்து ஒரு நூலை உருவினாள். மேஜைமேல் கிடந்த சாவிக்கொத்தை அதன் நுனியில் கட்டினாள். நாற்காலியில் ஏறி, சுவரின் உச்சியில் நூலைப் பிடித்துத் தொங்கவிட்டாள். சாவிக்கொத்து இப்படியும் அப்படியும் ஆடியது.

"இதான் தூக்கு. செவுரு நேரா நிக்குதான்னு பாக்குறதுக்கு. மேல நூலு, கீழ குண்டு. மொதல்ல ஆடும். ஆட்டம் நின்னதும் நூலுக்கும் செவுத்துக்கும் எடவெளி மேலயும் கீழயும் ஒண்ணா இருக்கணும். சரியா இருந்தா மேஸ்திரி ஒரு பார்வை பாத்துட்டு பூச்சு வேலைய முடிக்கச் சொல்லுவாரு. தெனமும் அனுப்புறதுதான்." கண்ணைச் சுருக்கிச் சுவரைப் பார்த்தாள். "உங்க செவுரு ரெண்டு விரக்கடை வெளிய தள்ளியிருக்குக்கா."

கொழுந்தன் சுவரை விட்டு நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டான். "அண்ணி, வாடகையில கொறைக்கச் சொல்லணும்."

அண்ணி சிரிக்கவில்லை. "கோர்ட்ல உன் புருஷன்கிட்ட நேராவே கேட்டிருக்காங்களே?"

"வக்கீலு சொல்லி வச்சிருந்தாருக்கா. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, கூட ஒரு வார்த்த பேசாதன்னு."

அண்ணி கீழே இறங்கிப் போனாள். இஸ்திரிக் கடைக்காரர் துணி சுற்றுவதற்காக அடுக்கி வைத்திருந்த பழைய பேப்பர் கட்டோடு திரும்பி வந்தாள். கொழுந்தன் வழக்கு நடந்த நாட்களின் தாள்களைப் பொறுக்கி எடுத்து உரக்கப் படித்தான்.

"நீதிபதி: இதில் தூக்கு போட்டதாகச் சொல்வது நீயா? கொத்தனார்: ஆமாங்க ஐயா, தூக்கு போட்டது நான்தான். நீதிபதி: உன் கையாலா? கொத்தனார்: பின்ன? எப்பவும் நான்தான் போடுவேன்."

அதற்கு அடியில் கொட்டை எழுத்தில் ஒரு தலைப்பு: "எப்போதுமா? இதுவரை எத்தனை பேர்?" அடுத்த நாள் பேப்பரில் காணாமல் போன பதினேழு பேரின் படம் வரிசையாக இருந்தது. அதில் இரண்டு பேர் அப்புறம் தாங்களே வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அந்தச் செய்தியைப் போட இடம் கிடைக்கவில்லை.

"கொன்னியான்னு கேட்டதுக்கு, இல்லவே இல்லைங்கன்னும் சொல்லியிருக்காரு அண்ணி. அதுக்கு அரசு வக்கீல் சொல்றாரு, 'கொல்லவில்லையாம், தூக்கு மட்டும் போட்டானாம்.' கோர்ட்ல சிரிப்பு."

"இந்த ஊர்ல வேற கொத்தனாரே இல்லியா? ஒருத்தராவது போய்ச் சொல்லியிருக்கலாமே?"

"எல்லாரும் வேலைக்குப் போயிருப்பாங்கக்கா" என்றாள் அவள். "சாட்சி சொல்லப் போனா அரைநாள் கூலி போயிரும்ல."

அண்ணி ஒரு தாளைப் புரட்டினாள். ஏழாம் பக்கம். மூலத்தைக் குணமாக்கும் லேகிய விளம்பரத்துக்கும் வீட்டுமனை விளம்பரத்துக்கும் நடுவே விரல் அகலத்தில் ஒரு செய்தி. படித்தாள். மறுபடி படித்தாள். மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"என்ன அண்ணி அது? மூலமா?"

"ஆமா. கேசோட மூலம்." கொத்தனார் மனைவியிடம் திரும்பினாள். "உங்களுக்குக் கூலி யாரு கையால வரும்?"

"மேஸ்திரி கையாலதான்க்கா. காண்டிராக்டரு குடுத்தா அவரு எங்களுக்குக் குடுப்பாரு. காண்டிராக்டரு கைய விரிச்சுட்டாருன்னு சொல்லி மேஸ்திரி மூணு மாசம் இழுத்தாரு. அன்னிக்கு மத்தியானந்தான் எங்க வீட்டுக்காரரு நேரா காண்டிராக்டரு வீட்டுக்கே போயி கேட்டுட்டு வந்தாரு. சண்டைகூட போடல. நான் பாத்துக்கறேன்னு சொல்லி அனுப்பினாராம்."

"இப்ப மேஸ்திரி எங்க?"

"அவரு இல்லாமலா?" என்றான் கொழுந்தன். "கோர்ட்டு ரவுண்டானாவுல காண்டிராக்டர் ஞாபகார்த்தமா தூண் எழுப்புறாங்கல்ல, நீதித் தூண். மேஸ்திரி கூலி வாங்காமக் கட்டுறாராம். நாளைக்குத் திறப்பு விழா, நேரடி ஒளிபரப்பு. அடுத்த தேர்தல்ல நின்னாலும் நிப்பாரு."

கொத்தனார் மனைவி ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள். "எங்கிட்ட குடுக்கறதுக்கு ஒண்ணும் இல்லக்கா. திங்கக்கிழமைக்குள்ள எதாவது பண்ணுங்க. அவருக்கு செவுரு கட்டத்தான் தெரியும். பேசத் தெரியாது."

"பேசத் தெரிஞ்சவன் ஒருத்தன் நம்மகிட்ட இருக்கான்" என்று அண்ணி கொழுந்தனைக் காட்டினாள். "நாளைக்குப் பத்து மணிக்கு ரவுண்டானாவுக்கு வா. சிரிக்காம வா."

மறுநாள் ரவுண்டானாவில் நிற்க இடமில்லை. ஒன்பதடித் தூண், பளிச்சென்று வெள்ளைப் பூச்சு. முன்வரிசையில் காண்டிராக்டரின் மனைவி. பதினோரு மாதத்தில் தொலைக்காட்சியில் அதிகம் அழுதவள். பக்கத்தில் வழக்கை முடித்த இன்ஸ்பெக்டர், பதவி உயர்வுக்கு ஏற்ற முகத்தோடு. மேஸ்திரி வெள்ளைச் சட்டையில் இருந்தார். தோளில் மட்டும் பழைய சாமான் பை. தொழிலாளி என்பது தெரியவேண்டும் அல்லவா.

செய்திக்காரி அவர் வாயருகே மைக்கைக் கொண்டு போனாள். "உண்மைக்காகச் சொந்தத் தொழிலாளியையே காட்டிக்கொடுத்தபோது எப்படி உணர்ந்தீர்கள்?"

"கஷ்டமாத்தான் இருந்துச்சும்மா. ஆனா உண்மைன்னு ஒண்ணு..."

அண்ணி தூணுக்கு முன்னால் வந்து நின்றாள். ஒரு கண்ணை மூடினாள். தலையைச் சாய்த்தாள். "ப்ச்" என்றாள்.

மேஸ்திரியின் உண்மை பாதியில் நின்றது. "என்னம்மா ப்ச்?"

"ஒண்ணும் இல்லைங்க மேஸ்திரி. நல்ல வேலைதான். கொஞ்சம் சாஞ்சிருக்கோன்னு பாத்தேன்."

"சாயல அண்ணி" என்றான் கொழுந்தன். "கோர்ட்டப் பாத்துத் தலை குனிஞ்சு கும்புடுது. நீதித் தூணுல்ல, அடக்கம்."

கூட்டத்தில் இருநூறு தலைகள் ஒரே நேரத்தில் இடது பக்கம் சாய்ந்தன.

"ஆமாய்யா, சாஞ்சுதான் இருக்கு!"

"நான் காலைலயே பாத்தேன். சொன்னா யாரு கேக்குறா?"

"குழந்தைங்க நடக்குற எடம். நாளைக்கு விழுந்தா யாரு பொறுப்பு?"

மேஸ்திரிக்குக் கழுத்து சிவந்தது. திருடன் என்று சொன்னால்கூடக் கட்டிட வேலைக்காரன் பொறுத்துக்கொள்வான். கட்டினது கோணல் என்று சொன்னால் பெற்ற அப்பனையும் விடமாட்டான். மைக்கைப் பறித்துக்கொண்டார்.

"எவன்யா சாஞ்சிருக்குன்னது? முப்பது வருஷ சர்வீசு! அடியில இருந்து நுனி வரைக்கும் தூக்கு பாத்துக் கட்டின தூணு இது! நாலு பக்கமும் என் கையால தூக்கு போட்டேன்!"

"எது போட்டீங்க?" என்றாள் அண்ணி.

"தூக்கு!" பையைத் திறந்து நூல்குண்டை வெளியே எடுத்தார். ஏணியில் இரண்டு படி ஏறி, தூணின் உச்சியிலிருந்து தொங்கவிட்டார். "நல்லாப் பாத்துக்க! மொதல்ல ஆடும். இந்தா, இப்ப ஆடாம நிக்குது. எங்கம்மா கோணல்? காட்டு!"

தூண் நேராகத்தான் இருந்தது. மயிரிழை பிசகவில்லை. தொழில்காரன்தான், அதில் சந்தேகமே வேண்டாம்.

"கொழுந்தனாரே, படி" என்று அண்ணி கைப்பையிலிருந்து ஏழாம் பக்கத்தை நீட்டினாள்.

கொழுந்தன் தொண்டையைச் செருமினான். மைக் பக்கத்திலேயே இருந்ததால் ஊருக்கே கேட்டது. "அதைச் சுவருக்குத்தான் போட்டேன் என்று கொத்தனார் கூறியதை அடுத்து, மேஸ்திரி மீண்டும் அழைக்கப்பட்டார். நீதிபதி: உங்கள் தொழிலில் தூக்கு என்பதற்கு வேறு பொருள் உண்டா? மேஸ்திரி: கிடையாது ஐயா. முப்பது வருஷத்தில் நான் கேள்விப்பட்டதே இல்லை. தூக்கு என்றால் கழுத்துக்குப் போடுவதுதான்."

தாளை மடித்தான். தூணை மேலும் கீழும் பார்த்தான்.

"மேஸ்திரி, இந்தத் தூணுக்குக் கழுத்து எங்க இருக்கு?"

மேஸ்திரி இன்னும் நூலைப் பிடித்துக்கொண்டிருந்தார். நின்றுபோயிருந்த குண்டு மறுபடி ஆட ஆரம்பித்தது.

"தொழில் தெரியாதவன் தப்பாப் புரிஞ்சுக்கிட்டா அது அறியாமை" என்றாள் அண்ணி. "முப்பது வருஷம் இந்தக் குண்டத் தொட்டவரு தெரியாதுன்னு சத்தியம் பண்ணினா அதுக்கு வேற பேரு. எதுக்காகப் பொய் சொன்னீங்க?"

அதற்குப் பதில் முன்வரிசையிலிருந்து வந்தது. காண்டிராக்டரின் மனைவி எழுந்து நின்றிருந்தாள்.

"கூலிய மாசாமாசம் மேஸ்திரி கையில குடுத்துட்டேனேன்னு சொன்னாரு" என்றாள். "அன்னிக்கு மத்தியானம், கொத்தனார் வந்துட்டுப் போனதும். இரு கேட்டுட்டு வரேன்னு கெளம்பினாரு. ஆனா நீங்க கோர்ட்ல ஏறி, அவரு காசே குடுக்கலன்னு சொன்னீங்க. எம்புருஷன் எங்கிட்டயே பொய் சொல்லியிருக்காரு, அந்தக் காச வேற எந்த வீட்டுலயோ குடுத்திருக்காருன்னு நெனச்சேன் மேஸ்திரி. வெளிய சொன்னா மானம் போயிரும்னு வாய மூடிட்டேன். பதினோரு மாசமா அவரு போட்டோ மூஞ்சியக்கூட நான் நேராப் பாக்கல."

மேஸ்திரி ஏணியிலிருந்து இறங்கினார். ஓடவில்லை. கடைசிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"தள்ளத்தாம்மா செஞ்சேன். சட்டையப் புடிச்சாரு, தள்ளினேன். சாரத்துக் கட்டையில பின்மண்டை பட்டுப் போச்சு. என்ன பண்றதுன்னு கையும் ஓடல, காலும் ஓடல. அந்த நேரம் பாத்து போன் சத்தம் குடுத்துச்சு. எடுத்துக் கேட்டேன். அண்ணே, கெழக்கால தூக்கு போட்டாச்சுன்னான்."

அண்ணியே அதை எதிர்பார்க்கவில்லை. காண்டிராக்டர் கழுத்தில் கயிறு ஏறியதே அந்தச் செய்தியைக் கேட்ட பிறகுதான். கொத்தனார் வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்வரை காத்திருந்தால் போதும். சாந்துவாளி ஏற்றுகிற மோட்டார் இருக்க, ஆளை மேலே ஏற்றுவது எவ்வளவு நேரம்? ஒல்லிக் கொத்தனார் தொண்ணூறு கிலோ மனுஷனை எப்படித் தூக்கினான் என்று பதினோரு மாதத்தில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மோட்டார் சாவி யார் மடியில் இருக்கும் என்பதும் தெரிந்திருக்கும்.

இன்ஸ்பெக்டர் முதலில் கேமராவைப் பார்த்தார். பிறகு பதவி உயர்வை நினைத்திருப்பார் போல, கண்ணை மூடித் திறந்தார். அப்புறம்தான் மேஸ்திரியின் கையைப் பிடித்தார்.

"எனக்கு ஆரம்பத்துலயே இவரு மேல ஒரு கண்ணு இருந்துச்சு" என்றார் மைக்கில்.

"இன்னொரு கண்ணு எங்க சார் இருந்துச்சு?" என்றான் கொழுந்தன்.

கூட்டமும் சும்மா இருக்கவில்லை. மேஸ்திரியின் முழியே சரியில்லை என்று அப்போதே சொன்னவர்கள் அங்கே குறைந்தது நூறு பேர் இருந்தார்கள். நேற்று அறைந்த பேட்ஜ்காரன் இன்றும் முன்னால் நின்று, இன்றும் நீதி கேட்டான். ஆள் யார் என்பதில் மட்டும்தான் மாற்றம்.

திங்கட்கிழமை மத்தியானம் நீதிமன்றம் தண்டனை சொல்வதை நிறுத்தி, கொத்தனாரை வெளியே விடச் சொன்னது. அதைக் கேட்க வெளியே நின்றவர்கள் மொத்தம் மூன்று பேர். கைதட்டல் இல்லை. செய்திக்காரி வேறு ஊரில் வேறு கொலையில் இருந்தாள். குற்றவாளி என்றால் ஊர்வலம். குற்றவாளி இல்லை என்றால் வீட்டுக்குப் போகலாம். ஜெயிலில் காகிதம் எழுதி முடிக்கச் சாயங்காலம் ஆகும் என்றார்கள். கொத்தனார் மனைவி நீதிமன்றப் படியில் உட்கார்ந்துகொண்டாள். எழுந்து போகச் சொல்லி யாரும் அதட்டவில்லை என்பதே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"அவரு வந்ததும் மொத வேலையா உங்க ஆபீஸ் செவுத்தச் சரி பண்ணச் சொல்றேன்க்கா. உங்களுக்கு நான் வேற என்ன செய்ய?"

"அப்ப என்னால ராத்திரி நிம்மதியாத் தூங்க முடியும்" என்றான் கொழுந்தன்.

"நீ பகல்லதான தூங்குற, ஆபீஸ்ல" என்றாள் அண்ணி.

அப்போது ஒரு கார் வந்து நின்றது. காண்டிராக்டரின் மனைவி இறங்கினாள். மூன்று நாளைக்கு முன்னால் இதே இடத்தில், இவள் புருஷனுக்குத் தூக்கு வேண்டும் என்று கேட்டவள். படியருகே வந்து, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நின்றாள். பிறகு ஒரு கவரை நீட்டினாள்.

"முப்பத்தெட்டாயிரத்து நானூத்தம்பது. எங்க வீட்டுக்காரரு ஒரு தடவை குடுத்துட்டாரு. ஆனா உங்க கைக்கு வரலியே. எண்ணிப் பாத்துக்கம்மா."

கொத்தனார் மனைவி வாங்கி, பிரிக்காமலே மடியில் வைத்துக்கொண்டாள்.

"எண்ணுறதுக்கு என்ன இருக்கு? பதினோரு மாசமா ஊரே எண்ணிச்சே."

காண்டிராக்டரின் மனைவி போகவில்லை. கைகளைப் பிசைந்தாள். கண் நிறைந்திருந்தது; இந்த முறை கேமரா இல்லை. "இதோட எல்லாம் தீந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா. நான் தூங்கி ரொம்ப நாளாச்சு."

கொத்தனார் மனைவி அவளை நிமிர்ந்து பார்த்தாள். பார்வையில் கோபம் ஒன்றும் இல்லை. சற்று நகர்ந்து படியில் இடம் விட்டாள், உட்காருவதென்றால் உட்காரட்டும் என்று.

"கூலி தீந்துச்சும்மா" என்றாள். "கூலி மட்டும்."